முதலில் நிற்கிற முடி... பிறகுதான் நடுகிற முடி!

ஞாயிற்றுக்கிழமை காலை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டு நாற்காலி போட்ட ஒரு சலூன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞர், தனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று முன்னால் அனுப்பிவிட்டார். கடை காலியானதும் எழுந்து, கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து மிளகுத்தூள் டப்பா மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார்.

கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. உச்சந்தலை முடியைச் சீப்பால் விலக்கினார். டப்பாவைக் கவிழ்த்து, ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டினார். கருந்தூள் பொலபொலவென்று இறங்கி, இருக்கிற மெல்லிய முடிகளைப் பிடித்துக்கொண்டது. ட்யூப் லைட்டில் மினுங்கிய உள்ளங்கை அகலத் தோல் அரை நிமிடத்தில் காணாமல் போனது. பின்பக்கம் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டினார்.

"தெரியலல்லண்ணா?"

"தெரியல தம்பி. மழையில மட்டும் நனையாத."

அன்று மதியம் அவருக்குப் பெண் பார்க்கும் படலம். வயது 26. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ், தலையில் எட்டு மணி நேரம் தொப்பி. "இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல போட்டோ பார்த்ததோட நிறுத்திட்டாங்க. காரணம் சொல்லல. எனக்குத் தெரியும்" என்றார். அவர் போனில் ஒரு விளம்பரம்: ஒரே நாளில் முடி நடலாம், மாதத் தவணை உண்டு. தவணைக்கான படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தார். இதுவரை எந்தத் தோல் மருத்துவரையும் அவர் பார்த்ததில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமங்களில் இப்போது இந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பாக்கெட்டில் தூள் டப்பா, போனில் முடி நடும் விளம்பரம். நடுவில் இருக்க வேண்டிய படி, அதாவது மருத்துவரும் மருந்தும், பலருக்கு விட்டுப்போகிறது. அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பணம் போகும். சில நேரம் உயிரும் போயிருக்கிறது.

தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதுமா?

உப்புத் தண்ணீர், ஹெல்மெட், ஷிப்ட் வேலை, ஷாம்பு என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போர் தண்ணீரில் குளித்தால் முடி சொரசொரப்பாகலாம், உடையலாம். ஆனால், முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் வட்டம் விழுகிற ஆண் வழுக்கைக்குத் தண்ணீரும் ஹெல்மெட்டும் பொறுப்பல்ல.

காரணம் பரம்பரையும் ஹார்மோனும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடலுக்குள் டி.ஹெச்.டி. என்ற இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. மரபணு அப்படி அமைந்தவர்களுக்கு முன்மண்டை, உச்சி முடிவேர்கள் அந்த டி.ஹெச்.டி.யின் பாதிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்குகின்றன. தடித்த முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. பருவமடைவதற்கு முன்பே விரைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே எழுதினார்.

இந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு தாய் வழியாக வருகிற எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்மாமன் தலையைப் பார்த்து மருமகன் தலையைச் சொல்கிற நம் வழக்கத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அப்பா வழி மரபணுக்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பெங்களூரில் ஆயிரம் பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், 30 முதல் 50 வயது ஆண்களில் 58 சதவிகிதம் பேருக்கு இந்த வழுக்கை ஏதோ ஒரு நிலையில் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட ஆண்களுக்கு வருகிற ஒன்றை நோய் மாதிரி மறைத்துக்கொண்டு அலைய வைத்திருக்கிறோம்.

பெட்டிச் செய்தி: எல்லா உதிர்வும் வழுக்கை அல்ல

• ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.
• டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல் வந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டலாம். பெரும்பாலும் தானே திரும்பி வரும்.
• நாணயம் வைத்தது போல வட்டமாக விழுவது புழுவெட்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி முடிவேரைத் தாக்குவதால் வருவது. புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
• சின்ன வெங்காயச் சாறு: பாக்தாத் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்றில் புழுவெட்டுக்குப் பலன் தெரிந்தது. ஆண் வழுக்கைக்கு அந்த ஆய்வு பொருந்தாது.
• பயோட்டின் மாத்திரை: சத்துக் குறைபாடு இல்லாதவர்களுக்குப் பலன் தரும் என்பதற்கு ஆதாரமில்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரலாம்.
• வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ, புது முடி வளர்ப்பதாகவோ சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது. இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி

ஆண் வழுக்கைக்கு வலுவான ஆதாரத்தோடு, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிற மருந்துகள் இரண்டு. இரண்டுமே வேறு எதற்கோ தொடங்கி முடியில் வந்து முடிந்தவை.

முதலாவது மினாக்சிடில். 1979-ல் அமெரிக்காவில் ரத்தக் கொதிப்பு மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி வளர்ந்தது. அதையே தலையில் தடவும் மருந்தாக்கி 1988-ல் அனுமதி வாங்கினார்கள். ஆண்களுக்கு வழக்கமாகச் சொல்வது 5 சதவிகித லோஷன், வேளைக்கு ஒரு மில்லி, நாளைக்கு இரண்டு வேளை.

இங்கேதான் நம் வீடுகளில் பிழை நடக்கிறது. தலை நிறைய எண்ணெய் வைத்து, அதன் மேல் லோஷனைத் தடவுகிறார்கள். மருந்து தோலுக்குள் இறங்க வேண்டும். எண்ணெய்ப் படலம் விடாது. உலர்ந்த தலையில், முடியை விலக்கி, தோலில் படும்படி சொட்டு சொட்டாக விட்டு விரலால் பரப்ப வேண்டும். கையைக் கழுவ வேண்டும். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் குளித்துத் தலை உலர்ந்த பிறகு தடவலாம். ராத்திரி என்றால் தலையணையில் தலை வைப்பதற்கு முன்பே காய்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. தலைக்குக் குளித்து எண்ணெய் போன பிறகு மருந்து. வீட்டில் பூனை இருந்தால் தனிக் கவனம்: மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம். தடவிய தலையை, தலையணை உறையை அது நக்கினாலே ஆபத்து.

அடுத்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி புறப்படுவதால் வருகிற உதிர்வு அது. பலர் பயந்துபோய் இந்த இடத்தில் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். பலன் கண்ணுக்குத் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எந்த மருந்தாலும் அதை விரட்ட முடியாது. பலன் தெரிந்த பிறகு நிறுத்தினாலும் மூன்று, நான்கு மாதத்தில் வந்தது போய்விடும். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் மருந்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிப்பு, எரிச்சல் சிலருக்கு வரும். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. இதையே குறைந்த அளவு மாத்திரையாகத் தருகிற மருத்துவர்களும் உண்டு. அதைக் கண்டிப்பாக அவர்கள் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

மாத்திரை: கல்யாணத்துக்கு முன்பே பேச வேண்டியது

இரண்டாவது மருந்து ஃபினாஸ்டரைடு. இதன் கதை டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. பிறவியிலேயே டி.ஹெச்.டி. மிகக் குறைவாகச் சுரக்கும் ஒரு குடும்பக் கூட்டத்தை மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு ஆராய்ந்து 1974-ல் எழுதியது. அந்த ஆண்களுக்கு பிராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அதே விளைவை மருந்தால் கொண்டுவர முயன்றதில், 1992-ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையும், 1997-ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையும் அனுமதி பெற்றன. இரண்டு வருடப் பரிசோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவிகிதம் பேருக்கு உச்சிமுடி குறையாமல் நின்றது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அப்படி நின்றது 28 சதவிகிதம் பேருக்கு.

இவ்வளவு நல்ல கணக்கு இருந்தும் இதை நண்பன் சொன்னான் என்று கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. இது மருத்துவர் சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து. சிறு சதவிகிதம் பேருக்குத் தாம்பத்ய ஆர்வம் குறைவது, விறைப்புக் குறைவது, விந்தின் அளவு குறைவது போன்ற பாதிப்புகள் வருகின்றன. நிறுத்தியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. நிறுத்தியும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு: தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கல்யாணம் நிச்சயமான பையன்களும் இந்த மாத்திரையைத் தேடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புது வாழ்க்கை தொடங்குகிற நேரத்தில் வருகிற சின்ன மாற்றத்தையும் 'எனக்கு ஏதோ குறை' என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு நொந்துபோகிறார்கள். குழந்தை தள்ளிப்போனால் பழி பெண் மேல் விழுகிற ஊர் இது. சிலருக்கு இந்த மாத்திரையால் விந்தணு எண்ணிக்கை குறைந்து, நிறுத்தியதும் திரும்பியிருக்கிறது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போது மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடைந்த, பொடித்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. ஆண் சிசுவைப் பாதிக்கும். ரத்த தானம் செய்கிற பழக்கமுள்ளவர்கள் மாத்திரை சாப்பிடுவதை முகாமில் சொல்ல வேண்டும். நிறுத்தி ஒரு மாதம் கழித்தே ரத்தம் வாங்குகிறார்கள் அமெரிக்க ரத்த வங்கிகளில். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனைக்குப் போனாலும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

இத்தனையையும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஒரு தோல் மருத்துவர் வேண்டும். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பஸ் தூரம்தான். அங்கே தோல் பிரிவு இருக்கிறது. 'முடிக்காகப் போய் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறதா?' என்கிற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது.

தூளும் டோப்பாவும்

மருந்து வேலை செய்ய ஆறு மாதம். அதுவரை? இங்கேதான் அந்த மிளகுத்தூள் டப்பா வருகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் கண்மை இட்டுக்கொள்வது போல, ஓர் ஆண் தன் உச்சியை மறைத்துக்கொள்வதில் தப்பென்ன?

டப்பாவில் இருப்பது கம்பளியிலிருந்து எடுக்கும் கெரட்டின், அல்லது பருத்தி போன்ற தாவர இழை. பொடிப்பொடியாக நறுக்கிய இழைகள் நிலைமின்னூட்டத்தால் முடியைப் பிடித்துக்கொள்கின்றன. முடி இருந்தால்தான் ஒட்டும்; முழு வழுக்கையில் இதற்கு வேலை இல்லை. முடி வளர்க்காது, வேரைக் கெடுக்கவும் செய்யாது. மருந்து முதலில், அது நன்றாகக் காய்ந்த பிறகு தூள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் வீண். ராத்திரி அலசிவிட்டுப் படுக்க வேண்டும்.

சலூன்காரர் சொன்ன நுணுக்கம் இது: "ரொம்பக் கருப்பு வாங்காதீங்க. நம்ம முடி வெயில்ல பார்த்தா கரும்பழுப்பு. சுத்தக் கருப்பு போட்டா மண்டையில மை பூசின மாதிரி இருக்கும். முன்னாடி நெத்தி ஓரத்துல போடவே கூடாது, அங்கதான் மாட்டிப்பாங்க."

நம் ஊர் வெயில் இதற்குப் பெரிய எதிரி. கம்பெனித் தொப்பியைக் கழற்றினால் உள்பக்கம் கருப்பு. வெள்ளைச் சட்டைக் காலரில் கரும்புள்ளி. கல்யாணமோ இன்னும் கடினம்: நலங்கு வைத்துத் தலையில் எண்ணெய் தேய்ப்பார்கள், மணமேடையில் ஹோமப் புகையும் அனலும், பட்டு வேட்டியோடு வேர்த்து ஊற்றும். வேர்வையில் தூள் கட்டியாகி நெற்றிச் சந்தனத்தில் இறங்கிய மாப்பிள்ளைகளைப் பார்த்திருப்பதாக இதே சலூன்காரர் சொன்னார். அதனால் டோப்பாவுக்கும், பசை போட்டு ஒட்டுகிற 'ஹேர் ஃபிக்ஸிங்'குக்கும் சிலர் போகிறார்கள். அதற்கு மாதா மாதம் பராமரிப்புச் செலவு உண்டு. பசை சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும்.

இன்னொரு சங்கடம் மொட்டை. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் முடி காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்ட அம்மாக்களுக்குப் பதில் சொல்ல முடியாமல், லீவு இல்லை என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதில் உண்மையில்லை. அடித்தால் கொட்டிவிடும் என்பதும் பொய். கத்தி வேர் வரை போவதே இல்லை. தைரியமாக வேண்டுதலை நிறைவேற்றலாம்.

கேள்வி தூளைப் பற்றியதல்ல, மறைப்பதைப் பற்றியது. கணவர் வழுக்கையை மறைத்து மணந்துகொண்டார் என்று மும்பையை அடுத்த மீரா ரோடில் 2020-ல் ஒரு மனைவி போலீஸுக்கே போனார். நிச்சயத்துக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் போய்விடும். ஊர்ச் சபைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். நிலம், சொந்த மனையில் வீடு, படிப்பு, வயது, ஒழுங்காகக் கணக்குக் காட்டிய நேர்மை என்று நீள்கிறது அந்தப் பட்டியல். இன்று கல்யாணத் தரகர் கொண்டுவருகிற பட்டியலில் முடிக்கும் ஓர் இடம் வந்துவிட்டது. இதில் பெண் வீட்டாரைச் சொல்லிப் பயனில்லை. பெண்ணின் நிறத்தையும் உயரத்தையும் நாம் எத்தனை தலைமுறையாக அளந்துகொண்டிருக்கிறோம்!

நாற்றங்கால் சின்னது

முடி நடுவதை ஏரிப் பாசனக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நாற்றங்காலில் பிடுங்கிக் கழனியில் நடுகிற அதே வேலை. பின்மண்டை முடிக்கு டி.ஹெச்.டி.யின் பாதிப்பு இல்லை; அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. இதை 1950-களில் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக் நிரூபித்தார். அதுவே இன்றைய சிகிச்சையின் அடிப்படை.

ஆனால், வயலுக்கு மறுபடி நாற்று விடலாம். பின்மண்டையில் பிடுங்கிய இடம் மறுபடி முளைக்காது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் நாற்றுதான் கையிருப்பு. 23 வயதில் முன்நெற்றியை நேர்கோடாக நிரப்பிவிட்டு, மருந்தும் எடுக்காமல் இருந்தால் என்னாகும்? நட்ட முடி நிற்கும். அதன் பின்னால் இருக்கிற சொந்த முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். 35 வயதில் முன்னால் ஒரு வரப்பும், பின்னால் வெட்ட வெளியும் மிஞ்சும். அப்போது நிரப்ப நாற்று இருக்காது. நல்ல மருத்துவர்கள் முதலில் மருந்து கொடுத்து உதிர்வை நிறுத்திவைத்து, ஒரு வருடமாவது பார்த்துவிட்டுத்தான் நடுவதைப் பற்றிப் பேசுவது இதனால்தான். மருந்திலேயே போதுமான அளவு திருந்தி, நட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறவர்களும் உண்டு. நட்ட பிறகும் மருந்தை விட முடியாது என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

உயிர் விஷயம் அதைவிடப் பெரிது. 2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் இரண்டே நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்துகிற உரிமம் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளையாலேயே அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பையன் விளம்பரத்தை நம்பிப் போவதில் என்ன ஆச்சரியம்? 2019-ல் மும்பையில் ஒரே அமர்வில் 9,000-க்கும் அதிகமான முடி நட்டுக்கொண்ட 43 வயது வியாபாரி இறந்தார். கான்பூரில் இரண்டு இன்ஜினீயர்கள் சில மாத இடைவெளியில் இறந்த வழக்கு 2025-ல் வெளிவந்தது. முடி நட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டுச் சரணடைந்தவர் பல் மருத்துவம் படித்தவர்.

பெட்டிச் செய்தி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் முடி நடும் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலோ யூட்யூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உதவியாளர்கள் இருக்கலாம்; பொறுப்பு முழுவதும் பதிவு பெற்ற மருத்துவருடையது. எனவே நான்கு கேள்விகள்:

• கத்தி வைக்கப்போகும் டாக்டர் யார், என்ன படித்தவர், மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன?
• சிகிச்சை முடியும் வரை அவர் அறையில் இருப்பாரா?
• இந்த இடத்துக்கு மருத்துவமனைக்கான உரிமம் இருக்கிறதா?
• மூச்சோ இதயமோ திணறினால் சமாளிக்க இங்கேயே என்ன வசதி இருக்கிறது?

ஆறாவது போட்டோ

அதே சலூனுக்குச் சில மாதம் கழித்துப் போனேன். அந்த இளைஞரின் சம்பந்தம் முடிவாகவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தவணைப் படிவத்தை அவர் நிரப்பி முடிக்கவில்லை. செங்கல்பட்டுக்குப் போய், காலையில் வரிசையில் நின்று தோல் டாக்டரைப் பார்த்திருக்கிறார். லோஷன் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது வாரத்தில் கொத்தாகக் கொட்டியபோது பாட்டிலை வீசப் பார்த்தாராம். "அண்ணன்தான் இருடான்னாரு" என்றார்.

மாதம் முதல் ஞாயிறு அதே நாற்காலி, அதே ட்யூப் லைட். தூள் போடாத தலையைக் குனிந்து காட்டுகிறார். சலூன்காரர் போனில் உச்சியைப் படம் எடுக்கிறார். அன்று எடுத்தது ஆறாவது. இரண்டு பேரும் முதல் படத்தையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"வட்டம் பெருசாகல தம்பி."

"ஓரத்துல கொஞ்சம் கருப்பு தெரியுதில்லண்ணா?"

கடைக்காரர் மறுபடி பார்த்தார். "தெரியுது. அடுத்த மாசமும் எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறினார். கதவு அன்று திறந்தே இருந்தது.